கழற்றி மாட்டும் மாப்பிள்ளை

நம்பிராஜனின் இடது கண்ணில் ஏதோ உறுத்தியது. பெண் இன்னும் கூடத்துக்கு வரவில்லை.

தென்காசிச் சாரல் காற்று குளிர்ச்சியை மட்டும் கொண்டு வருவதில்லை. ரதவீதிப் புழுதியையும் வாரிக்கொண்டுதான் வரும். குதிரைவண்டியை விட்டு இறங்கும்போது அதில் ஒரு தூசி அவன் கண்ணுக்குள் குடியேறிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் நாலு தடவை சிமிட்டினால் போய்விடும். நம்பிராஜனின் கண்ணுக்குள் லென்ஸ் இருந்தது. தூசி அதற்கு அடியில் போய்ச் சுகமாகப் படுத்துக்கொண்டது.

1966-ல் தென்காசி வட்டாரத்தில் கண்ணுக்குள்ளேயே கண்ணாடி மாட்டியிருந்தவன் அநேகமாக அவன் ஒருத்தன்தான். மெட்ராஸில் இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. போன வருஷம் ஆலங்குளத்தில் பெண் பார்க்கப் போனபோது, அவனுடைய மூக்குக்கண்ணாடியின் கனத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "உள்ள ஆளு இருக்காவளா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டாள். சம்பந்தம் அத்தோடு சரி. அந்த ஆத்திரத்தில்தான் மெட்ராஸ் கண் டாக்டர் ஒருவரிடம் போய், மீன் செதில் மாதிரி இரண்டு லென்ஸ்களை வாங்கி மாட்டிக்கொண்டான்.

டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "சோப்புப் போட்டுக் கை கழுவாம லென்ஸைத் தொடாதீங்க. கண்ணைக் கசக்காதீங்க. எச்சில் படவே கூடாது. இந்த மருந்துத் தண்ணியில கழுவித்தான் தினமும் போடணும்."

அந்த மருந்துத் தண்ணீர்ப் புட்டி இப்போது குற்றாலத்து லாட்ஜில் இருந்தது. காலையில் அருவியில் குளித்துவிட்டு வந்ததும், "நல்ல நேரம் போயிரும், கெளம்புலே" என்று அக்கா சொக்கம்மாள் விரட்டிய விரட்டில் அதை மறந்து வந்துவிட்டான்.

"லே, ஏன் ஒத்தக் கண்ணைச் சிமிட்டுதே?" அக்கா அவன் காதுக்குள் சீறினாள். "எதுத்தாப்புல பொண்ணோட அத்தை இருக்கா. மொறைக்கா பாரு."

அத்தை முத்துவடிவு முறைக்கத்தான் செய்தாள். ஐம்பது வயதைத் தாண்டிய அவளைப் பார்த்து ஒருவன் கண்ணடிக்கிறான். அதுவும் மருமகளைப் பெண் பார்க்க வந்தவன்.

சிமிட்டுவதை நிறுத்துவதற்காக நம்பிராஜன் கண்ணைக் கசக்கினான். சற்று முன்னால் அதே கையால்தான் மிளகாய் பஜ்ஜியைப் பிட்டிருந்தான்.

அப்புறம் வந்தது கண்ணீரா, குற்றாலத்து மெயின் அருவியா என்று சொல்ல முடியாது. சரியாக அந்தச் சமயத்தில் குழல்வாய்மொழி காப்பித் தட்டோடு வந்து நின்றாள்.

அவளுடைய அப்பா வல்லிநாயகம் பஸ் கம்பெனி மானேஜர். குரலும் பஸ் ஹாரன்தான்.

"என்ன தம்பி இது? எம்பொண்ணைப் பாத்தா அழுகையா வருது?"

"ஆனந்தக் கண்ணீரு அண்ணாச்சி," என்றாள் சொக்கம்மாள் அவசரமாக.

"ஒத்தக் கண்ணுலயா?"

இனிமேல் தாங்காது என்று நம்பிராஜனுக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்து, இமையை ஒரு இழு இழுத்து, லென்ஸை உள்ளங்கையில் தட்டினான். கழுவ வேண்டும். புட்டி இல்லை. எழுந்து கொல்லைக்குப் போகவும் வழி தெரியவில்லை. டாக்டர் முகம் ஒரு கணம் மனசில் வந்து போனது. லென்ஸைச் சட்டென்று வாயில் போட்டுக்கொண்டான்.

"ஐயோ! கண்ணைப் புடுங்கித் திங்கானே!" என்று அலறினாள் முத்துவடிவு.

காப்பித் தட்டு கீழே விழுந்தது. ஜன்னலில் பக்கத்து வீட்டுத் தலைகள் முளைத்தன.

"பொய்க்கண்ணா?" வல்லிநாயகம் எழுந்தேவிட்டார். "ஒத்தக்கண்ணனைக் கொண்டாந்து எம்பொண்ணு தலையில கட்டப் பாத்தியளோ?"

வாயில் லென்ஸை வைத்துக்கொண்டு நம்பிராஜன் "ம்... ம்ம்..." என்றான். பிறகு அதைக் கையில் துப்பிவிட்டு, "பொய்க்கண்ணு இல்ல மாமா, நல்ல கண்ணுதான். வேணும்னா இந்தப் பக்கமும் பாருங்க," என்று வலது கண்ணிலிருந்ததையும் கழற்றிக் காட்டினான்.

"ரெண்டுமே பொய்க்கண்ணு!" என்று முத்துவடிவு தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள்.

இப்போது நம்பிராஜனுக்கு உலகமே பனிமூட்டமாகிவிட்டது. எதிரே வெள்ளையாகத் தெரிந்த உருவத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, லென்ஸ் என்றால் என்ன, எதற்காகப் போட்டான் என்று ஆதியோடந்தமாக, உருக்கமாக எடுத்துச் சொன்னான்.

"அது என் சட்டை. ஆணியில தொங்குது," என்றார் வல்லிநாயகம் பின்னாலிருந்து. "நான் இங்கன நிக்கேன்."

சொக்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, பையிலிருந்த பழைய மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தம்பி முகத்தில் மாட்டினாள். அப்போதுதான் அவன் பெண்ணைச் சரியாகப் பார்த்தான். காலெல்லாம் காப்பி. முந்தானையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆலங்குளத்துக்காரி சிரித்த சிரிப்பு இல்லை இது. இவள் கிடைக்காமல் போகப் போகிறாளே என்று நினைத்தபடியே எழுந்து கும்பிட்டான்.

"மறைச்சது தப்புதான் மாமா. மன்னிச்சிருங்க. நாங்க கெளம்புதோம்."

"இருங்க." வல்லிநாயகம் அவனை மேலும் கீழுமாகப் பார்த்தார். "வேற ஏதாவது கழத்தி மாட்டுறது உண்டா?"

"இல்ல மாமா. மிச்சமெல்லாம் கூடப் பொறந்தது."

அவர் அடுக்களைக்குள் போனார். முத்துவடிவும் எழுந்து, குழல்வாய்மொழியை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். உள்ளே குசுகுசுவென்று பேச்சு. திரும்பி வந்தபோது பஸ் ஹாரன் சைக்கிள் மணியாகக் குழைந்திருந்தது.

"எங்களுக்குப் பூரண சம்மதம் மாப்பிள்ளே. குறையில்லாத மனுசன் யாரு இருக்கா? கண்ணா முக்கியம்? மனசுல்லா முக்கியம்!"

நம்பிராஜனுக்கு இந்தத் தடவை இரண்டு கண்ணிலும் நீர் முட்டியது. "தங்கமான மனுசன்லே," என்று அக்காவும் மூக்கை உறிஞ்சினாள். இப்படியொரு பெருந்தன்மையை மெட்ராஸில் விளக்குப் போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தபோது, அடுக்களையிலிருந்து முத்துவடிவின் குரல் கேட்டது. ரகசியம் பேசுவதாகத்தான் அவளுக்கு நினைப்பு.

"ஏட்டி குழலு, இனிமே பல்செட்டைக் கழத்தி வச்சுட்டு நிம்மதியாச் சாப்புடு. மாப்பிள்ளை கண்ணையே கழத்துதாரு!"