மேலே போனால் டவர்

மலையேற ஆரம்பித்து இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் வளைவில் கிடந்த மரப் பெஞ்சைக் கண்டதும் 'மூணுதரம்' சாருக்கு வலது முழங்கால் வலிக்கத் தொடங்கிவிட்டது.

"நீ போயிட்டு வா. நான் இங்கேயே உட்கார்ந்துக்கறேன்" என்றார் மனைவியிடம்.

போன வருஷக் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் இதே மலை, இதே பெஞ்சு. அப்போது வலித்தது இடது முழங்கால். அதற்கு முந்தின வருஷம் தலைசுற்றல். "நடக்கணும் சார். இல்லேன்னா அடுத்த தடவை உங்களைத் தூக்கிட்டுத்தான் இங்க வருவாங்க" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியும் மனுஷர் மசியவில்லை.

மூணுதரம் என்பது அப்பா அம்மா வைத்த பேர் அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்துப் பிரிவில் அவர் இருபத்தாறு வருஷமாகக் குமாஸ்தா. நாள் முழுக்க எரிந்துபோன வீடுகளின் போட்டோக்களோடு குடித்தனம். அதனால் எந்தக் கதவைப் பூட்டினாலும் மூணு தரம் இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டார். ஆபீசில் சூட்டிய பேர் தெரு வரைக்கும் வந்துவிட்டது.

மனைவி வற்புறுத்தவில்லை. பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். கம்பளிக் கோட்டுக்கு மேலே எட்டிப் பார்த்த அவருடைய சட்டைக் காலரைத் தொட்டுச் சிரித்தாள்.

"மலை ஏற வந்தவருக்கு இஸ்திரி மடிப்பைப் பாரு! வேன் ஹாரன் அடிக்கிற வரைக்கும் தேய்ச்சுக்கிட்டே இருந்தீங்களே."

வாய்க்குப் போன தம்ளர் பாதியில் நின்றது.

தேய்த்தார். ஹாரன் கேட்டது. இவள் வாசலிலிருந்து அவசரப்படுத்தினாள். ஓடி வந்தார். கதவை மூணு தரம் இழுத்துப் பார்த்தார். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியை அணைத்தாரா?

"அணைச்சிருப்பீங்க, விடுங்க."

"அணைச்சிருப்பேனா? ஆபீஸ் ஃபைல்ல பாதிப் பேர் அப்படித்தான் எழுதியிருக்கான்! அவன் வீட்டு போட்டோவை நீ பார்த்ததில்ல."

போனை எடுத்தார். டவர் இல்லை. பன்னிரண்டு பேர் கொண்ட அந்தக் கூட்டத்தை நடத்திச் சென்ற வழிகாட்டிப் பெண்ணிடம் ஓடினார்.

"இங்க கிடைக்காது சார். மேல, அந்தப் பாறைகிட்ட ஒரு கோடு வரும்."

"கீழ இறங்கிட்டா?"

"கீழ சுத்தமா கிடையாது. வேனும் சாயங்காலம்தான் வரும்."

முழங்கால் என்ன ஆனது என்று முழங்காலுக்கே தெரியாது. உறைந்த புல் காலடியில் நொறுங்க நொறுங்க, பாறைக்குப் போய்ச் சேர்ந்தார். எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரைக் கூப்பிட்டார். விடுமுறை, மனுஷர் வீட்டில்தான் இருப்பார்.

"வாத்தியார் சார், எங்க வீட்டு ஜன்னல் வழியா கொஞ்சம் எட்டிப் பாருங்க. இஸ்திரிப் பெட்டி..."

"இருங்க... உள்ள ஒரே மங்கலா இருக்கு சார்."

"மங்கலுன்னா? புகையா?"

"குளிருக்குக் கண்ணாடியில படிஞ்ச ஆவியாவும் இருக்கலாம். புகையாவும் இருக்க..."

லைன் அறுந்தது.

"அடுத்து எங்கம்மா டவர் கிடைக்கும்?"

"அந்த மரக்கூட்டத்தைத் தாண்டினா கிடைக்கும் சார். ஆனா செங்குத்தா..."

அவள் முடிப்பதற்குள் அவர் மரக்கூட்டத்தில் இருந்தார்.

"மெதுவாப் போங்க, மூச்சு வாங்குது பாருங்க!" என்று பின்னாலிருந்து மனைவி கத்தினாள்.

"எரியறது உன் வீடும்தான்!"

இரண்டாவது முறை வாத்தியார் குரல் தெளிவாகவே கேட்டது.

"புகை இல்ல சார். இப்ப நல்லாத் தெரியுது."

"அப்பாடா!"

"எப்படித் தெரிஞ்சுதுன்னா, துடைச்சுப் பார்க்கலாம்னு கண்ணாடியைக் கொஞ்சம் அழுத்தினேன். அது உள்ள விழுந்துடுச்சு."

"விழட்டும்! பெட்டி என்ன ஆச்சு?"

"அது மூலையில இருக்கும்போல, இங்கிருந்து தெரியல. உள்ள இறங்கிப் பார்க்கட்டுமா?"

"இறங்குங்க சார், புண்ணியமாப் போகும்!"

மறுபடியும் லைன் போனது. அதற்கு மேல் பாதையில் பனி. வழிகாட்டிப் பெண் கைத்தடி ஒன்றைக் கொடுத்தாள். அவர் தடியை ஊன்றவில்லை. அதைக் காட்டி, முன்னால் போய்க்கொண்டிருந்த நாலு கல்லூரிப் பையன்களை ஓரம் கட்டினார். சறுக்கிய இடத்தில் கையையும் ஊன்றி நாலு காலில் ஏறினார். ஒரு கையுறை எங்கோ விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மேட்டில் ஒற்றைக் கோடு வந்ததும் கூப்பிட்டார்.

"சார், இடுப்புக்கு மேல உங்க வீட்டுக்குள்ள இருக்கேன்."

"இடுப்புக்குக் கீழ?"

"தெருவுல. ஜன்னல் சட்டம் விடமாட்டேங்குது. என் காலைப் பார்த்துட்டு என் வீட்டுக்காரி பயந்து தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுட்டா."

"தீயே இல்லையே சார்!"

"சொன்னேன். வந்தது வந்துட்டோம்னு குழாயைப் பிரிக்கிறாங்க. ஐயோ, சோபா மேல..."

அதோடு போயிற்று.

நெருப்பு தின்றதைவிடத் தண்ணீர் கெடுத்ததுதான் அதிகம் என்று எத்தனை ஃபைல்களில் அவரே கைப்பட எழுதியிருக்கிறார்! சோபா, மெத்தை, அலமாரியில் கல்யாண ஆல்பம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன்னால் மிதந்தன. ஏறினார். வழிகாட்டிப் பெண், "சார், நான்தான் முன்னால போகணும்" என்று கெஞ்சியது காதில் விழவில்லை.

உச்சியில் முதல் ஆளாகப் போய் நின்றார். போனில் எல்லாக் கோடுகளும் நிமிர்ந்து நின்றன. காலுக்குக் கீழே மேகம் பஞ்சுப்பொதியாகக் கிடந்தது, அதன்மேல் வெயில். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து மனைவி மேலே வந்தாள். மூச்சு வாங்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"மூணு வருஷமா என் ஆசை இது. உங்களோட இங்க..."

"இரு, இரு! நம்ம வீடே மிதந்துக்கிட்டிருக்கு, உனக்கு ஆசை ஒரு கேடு!"

விரைத்த விரலால் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். கூட்டம் மொத்தமும் சுற்றி நின்று காது கொடுத்தது.

"வாத்தியார் சார், நான் உச்சிக்கே வந்துட்டேன். இனிமே லைன் அறுந்து போகாது. மறைக்காம சொல்லுங்க, வீடு இருக்கா, இல்லையா?"

அந்தப் பக்கத்தில் ஒரு நீளமான கொட்டாவி கேட்டது.

"உச்சிக்கே வந்துட்டீங்களா? அப்ப சரி சார், நான் எழுந்து பல் தேய்க்கப் போறேன். உங்க வீட்டம்மா எழுதிக் கொடுத்த தாள்ல இதுக்கு மேல ஒண்ணும் இல்ல."