சோபாவில் விட்ட பச்சை ஃபைல்

பையைக் கவிழ்த்து உதறினாள் நிதி மேடம். சீப்பு விழுந்தது, தலைவலி மாத்திரை விழுந்தது, எழுதாத பேனா இரண்டு விழுந்தன, போன வருஷம் தொலைத்த வீட்டுச் சாவிகூட விழுந்தது. பச்சை ஃபைல் மட்டும் விழவில்லை.

"ஏங்க, போச்சுங்க."

கணக்கு வாத்தியாரான கணவர் விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்ன போச்சு?"

"ஃபைல். பெயிண்ட் கம்பெனி முதலாளி வீட்டு சோபாவுலயே வச்சுட்டு வந்துட்டேன்."

"நாளைக்குப் போய் எடுத்துக்கோ."

"அது அவரைப் பத்தின ஃபைலுங்க."

இப்போது தலை நிமிர்ந்தது.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்காக நன்கொடை திரட்டுவது அவள் வேலை. நிதி மேடம் என்பது மாணவர்கள் வைத்த பெயர். இந்த வேலையில் போனதும் கையை நீட்டிவிட முடியாது. மூன்று முறை போய்ச் சும்மா பேசிவிட்டு, நான்காம் முறைதான் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறை திரும்பியதும், ஆளைப் பற்றிக் கவனித்ததையெல்லாம் எழுதிவைக்க வேண்டும்.

இன்று நான்காம் முறை. கேட்டாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் சொல்வதாக முதலாளி சொல்லியிருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால், பாதியில் உதவித்தொகை நின்றுபோன ஒன்பது பேர் ஆராய்ச்சியை முடிப்பார்கள். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒருத்தி விடுதியில் ஏற்கெனவே கட்டத் தொடங்கிவிட்டாள்.

"அப்படி என்னதான் எழுதியிருக்கே?" என்றார் கணவர்.

"'கவிதை எழுதுவார். தாங்கிக்கொள்ள வேண்டும். நன்றாக இருக்கிறது என்று ஒரு முறை சொல்லலாம். இரண்டு முறை சொன்னால் இன்னொன்று வாசிப்பார்.'"

"வேற?"

"'எதையும் தன் சொந்த யோசனை என்று நினைத்தால்தான் செய்வார். மனைவி கெட்டிக்காரி. அந்த அம்மா வந்து உட்காருவதற்குள் பேச்சை முடித்துவிடவும்.'"

"அவ்வளவுதானே?"

"'அந்த வீட்டில் நாம் சொல்வதைக் கவனித்துக் கேட்பது நாய் மட்டும்.'"

கணவர் சிவப்புப் பேனாவை மூடிவைத்தார். "உடனே ஃபோன் போடு. அது உன் ஆஸ்பத்திரி ரிப்போர்ட், பிரிக்காதீங்கன்னு சொல்லிடு. மரியாதை தெரிஞ்சவங்க அடுத்தவங்க ரிப்போர்ட்டைப் பிரிக்க மாட்டாங்க."

ஃபோனை எடுத்தது முதலாளியின் மனைவி.

"நாங்க தொடவே இல்லம்மா. உனக்கு உடம்புக்கு என்ன?"

அதை யோசித்துவைக்க இருவருக்கும் தோன்றவில்லை.

"அது... இன்னும் கண்டுபிடிக்கலைங்க."

"டாக்டருங்களாலயே முடியலையா?"

"முடியலைங்க."

கணவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நீ எங்கயும் அலையாதே. டிரைவர்கிட்ட குடுத்து அனுப்புறேன்," என்றது ஃபோன். குரலில் ஈரம் தட்டியது.

செவ்வாய்க்கிழமை ஃபைல் வரவில்லை. ஒரு கூடைப் பழமும், 'உதிரப் போகும் மலருக்கு ஓர் ஆறுதல்' என்று முதலாளி எழுதிய நாற்பது வரிக் கவிதையும் வந்தன. நன்றி சொல்லக் கூப்பிட்டவள், பதற்றத்தில் நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள். இன்னொன்று வாசித்தார்.

புதன்கிழமை அலுவலகத்துக்கு ஒரு ஃபோன். "டாக்டர் பேசுறேன்," என்றது ஒரு கரகரத்த குரல். "முதலாளி சொன்னார். எங்க வலிக்குது?"

அவள் பார்வை மேஜைக்கடியில் போனது. "முட்டிங்க."

"இடதா, வலதா?"

"மாறி மாறி."

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. "என்ன வேலை பாக்குறீங்க?"

"நன்கொடை கேக்குற வேலை."

"அதான் பார்த்தேன். உப்பு கூடாது. பேச்சைக் குறைக்கணும். ஒரு நாளைக்கு நூறு வார்த்தை. அதுக்கு மேல போனா நான் பொறுப்பில்ல."

அவள் கடைப்பிடிக்கிறாளா என்று விசாரிக்க, முதலாளியின் மனைவி நேரே அவள் அலுவலக இயக்குநருக்கே ஃபோன் போட்டுவிட்டார். மத்தியானம் அலுவலகம் முழுக்க நோயாளியைப் பார்ப்பதுபோல் அவளைக் குனிந்து பார்த்தது. வழியில்லாமல் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டியே அன்றைய வேலையை ஓட்டினாள். இயக்குநர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்: "ஒன்பது பசங்களுக்கு உதவி கேட்டுட்டு வாங்கன்னா, உங்களுக்கே கேட்டுட்டு வந்திருக்கீங்களா?"

'இல்லை' என்று எழுதிக் காட்டினாள்.

வியாழக்கிழமை முதலாளியே பேசினார். "ஒரு யோசனை. என் சொந்த யோசனை. உதவித்தொகைக்கு என் பேர் வேண்டாம்மா, உன் பேரையே வைக்கிறேன். அதோட 'நினைவு உதவித்தொகை'ன்னு சேர்த்துக்கலாம்."

"யார் நினைவுங்க?"

"அந்தக் கவலையெல்லாம் உனக்கு இப்ப எதுக்கு?"

வீட்டில் உப்பில்லாத சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். "ஒண்ணு, உண்மையைச் சொல்லணும்," என்றார் கணவர்.

"இல்லன்னா?"

"இல்லன்னாங்கறதை என் வாயால சொல்ல மாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை முதலாளியின் டிரைவர் வந்தார். பச்சை ஃபைலை மேஜைமேல் வைத்தார். அதன்மேல் ஒரு கவர். உள்ளே ஒப்பந்தம், கீழே முதலாளியின் கையெழுத்து. 'நினைவு' என்ற சொல்லை மட்டும் பென்சிலில் எழுதியிருந்தார்.

நிதி மேடம் அந்தப் பென்சில் சொல்லை விரலால் தடவினாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஒன்பது பேர் தப்பிப்பார்கள். அந்தப் பெண் மூட்டையைப் பிரித்துவிடுவாள். ஆனால் அடுத்த வருஷம் ஒன்பது பேரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தும்போது, முன்வரிசையில் இருக்கும் தான் எழுந்து நிற்பதா, உட்கார்ந்தே இருப்பதா?

ஒப்பந்தத்தை மடித்து டிரைவரிடம் நீட்டினாள்.

"இதை ஐயாகிட்டயே குடுத்துடுங்க. எனக்கு முட்டி வலி இல்ல. எந்த வலியும் இல்ல. இந்த ஃபைலை யாரும் படிக்கக் கூடாதுன்னு சொன்ன பொய். இதுல உங்க ஐயா வீட்டைப் பத்தி என்னென்னமோ எழுதிவச்சிருக்கேன். பொய் சொல்லி வாங்கிட்டு அந்தப் பசங்க முகத்துல முழிக்க முடியாது. நான் நேர்ல வந்து மன்னிப்புக் கேக்குறேன், எல்லாத்தையும் சொல்றேன், அப்புறமும் அவருக்கு மனசிருந்தா பசங்களுக்காகப் போடட்டும். பசங்க மேல தப்பில்லைங்க, எல்லாம் என் தப்பு."

டிரைவர் கையை நீட்டவில்லை.

"அம்மா அதை அன்னைக்கே எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டாங்க மேடம். ஐயா போட்டது போட்டதுதான், வச்சுக்கங்க," என்று வாசல்வரை போனவர், நின்று திரும்பினார். தொண்டையைச் செருமினார். குரல் கரகரத்தது.

"நூறு வார்த்தைக்கு மேல கூடாதுன்னு புதன்கிழமையே சொன்னேன். இன்னைக்குக் கணக்கைக் காலையிலயே முடிச்சிடுவீங்க போலிருக்கே."