வருகையின் நோக்கம்: இணைப்பு ‘அ’ காண்க

படிவத்தில் ஒரு காலியிடத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. முப்பத்து நான்கு ஆண்டுகள் தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து, பிறருடைய விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்றவன் நான். குறையே இல்லாத விண்ணப்பம் எப்படி இருக்கும் என்று உலகத்துக்கு ஒரு முறையாவது காட்ட வேண்டாமா? (உலகம் கேட்கவில்லை. அது வேறு விஷயம்.)

செங்கோட்டை தாண்டி மலைமேல் இருக்கும் தேசியப் பூங்காவைப் பார்க்க வேண்டும் என்பது என் மனைவி கோமதியின் நெடுநாள் ஆசை. ஊருக்கு வந்த உறவினரையெல்லாம் குற்றாலத்துக்குக் கூட்டிப் போய், அவர்கள் குளிக்க, இவள் செருப்பும் துணிப்பையும் காத்துக்கொண்டு நிற்பாள். மலை என்றால் அவளுக்கு அடிவாரம்தான். ‘ரிட்டயர் ஆகட்டும்’ என்று நானும் வருடம் தவறாமல் சொல்லியிருந்தேன். ஒருவழியாக நாங்கள் காரில் கிளம்பியது, மழைக்காலத்துக்காகப் பூங்காவைப் பூட்டுவதற்கு முந்தைய கடைசி நாள்.

நுழைவுப் படிவத்தில் ‘வருகையின் நோக்கம்’ என்று விரலகல இடம். அதில் ‘இணைப்பு அ காண்க’ என்று எழுதி, பன்னிரண்டு காரணங்களை மூன்று பக்கத்துக்குத் தட்டச்சு செய்து இணைத்திருந்தேன். தூய காற்று முதல் காரணம். கருமந்திகளின் பழக்கவழக்கங்களை ஆராய்தல் ஆறாவது. அரிய மூலிகைகளை அடையாளம் காணுதல் ஒன்பதாவது.

சோதனைச் சாவடிக் காவலர் பன்னிரண்டையும் விரல் வைத்துப் படித்தார். அதற்குள் ‘டூர்’ என்று எழுதிக் கொடுத்த இரண்டு வேன்கள் எங்களைத் தாண்டி உள்ளே போய்விட்டன.

“அண்ணாச்சி, மூலிகை பறிக்கவா வாரிய?”

“பறிக்க இல்லப்பா, அடையாளம் காண.”

“கண்டுட்டு?”

எட்டி, அவர் கையிலிருந்த இணைப்பைப் புரட்டித் தேடினேன்.

“ஆராய்ச்சின்னு வேற போட்டிருக்கிய. அதுக்கு மேலாபீஸ் லெட்டர் வேணும்லா.”

“அப்பம் அந்த ரெண்டையும் அடிச்சு, கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

“அடித்தல் திருத்தல் இருந்தா வாங்கக் கூடாதுல்லா அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் சொன்ன அதே வாக்கியம்.

அனுமதி காலை பத்து மணி வரைதான்; பிறகு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில், மேல்முறையீடு செய்ய எனக்குள்ள உரிமையைப் பற்றி அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கோமதி காரைவிட்டு இறங்கினாள்.

“இன்னொரு ஃபாரம் இருக்கா தம்பி?”

பானெட்டில் வைத்து எழுதினாள். விண்ணப்பதாரர் கோமதி. நோக்கம், மலை பார்க்க. உடன் வருவோர், ஒருவர்.

காவலர் முத்திரை குத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இவியதான் அந்த ஒருத்தரா?”

கோமதி சற்று யோசித்தாள். (எதற்கு யோசித்தாள் என்று இன்றுவரை கேட்கவில்லை.)

“ஆமா. பேப்பர் எதையும் தொட மாட்டாவ.”

கேட் திறந்தது.

மேலே மூடுபனி விலகியதும், ஒன்றன்பின் ஒன்றாக மலைகள். கோமதி ஒரு பாறையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். காத்து நிற்க யாருடைய செருப்பும் இல்லை. ஒரு கருமந்தி என்னை ஏற இறங்க ஆராய்ந்துவிட்டுப் போனது. நான் அதை ஆராயவில்லை. என் பன்னிரண்டு காரணங்களில் இந்தப் பாறை இல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கோமதி இந்தக் கதையைச் சொன்னதிலிருந்து, அவளிடம் போனில் பேசும்போது என் மகள் என்னை அப்பா என்று குறிப்பிடுவதே இல்லை.

“ஏம்மா, உடன் வருவோர் சாப்பிட்டாச்சா?”