ராயபுரத்துப் பெட்டிக்கு நான் பார்த்த வைத்தியம்

பெண் பார்க்க வந்தவர்கள் "பாடத் தெரியுமா?" என்று கேட்டால், "தெரியாது" என்று சொல்லிவிட்டு பஜ்ஜித் தட்டை நீட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் வம்புதான். நான் பேசினேன்.

"பாட வராது. ஆனா பாடுற பெட்டிய ரிப்பேர் பண்ணுவேன்" என்றேன். (இசிஇ படித்த திமிர். கல்லூரியில் சால்டரிங் அயர்னை ஒரே ஒரு தடவைதான் பிடித்திருக்கிறேன். அதுவும் சூடான பக்கத்தை.)

அதுவரை எங்கள் வீட்டுக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். "மெய்யாலுமா மா? எங்க வூட்ல ரெண்டு பெட்டி கீது. ரொம்ப நாளா பேஜார் பண்ணிகினு கீது. வந்து பாக்குறியா?" என்றார்.

அதனால்தான் எங்கள் வீட்டார் திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்துக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது, வழக்கத்தில் இல்லாத வழக்கமாக என்னையும் கூட்டிப் போனார்கள். பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை, கைப்பையில் ஸ்க்ரூ டிரைவர்.

பெட்டிகள் இரண்டும் என் இடுப்பு உயரம். எந்தக் காலத்திலோ ஒரு வெளிநாட்டுக் கப்பல்காரரிடம் வாங்கியவையாம். ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்பீக்கர்கள். கீழே இருக்கும் பெரியது தபேலாவுக்கும் டிரம்முக்கும், மேலே இருக்கும் குட்டி, ஜால்ரா மாதிரி கூர்மையான சத்தங்களுக்கு. நடுவில் இருப்பதுதான் மனிதக் குரலுக்கு. உப்புக் காற்றில் அந்த நடு ஸ்பீக்கர்கள் இரண்டும் விளிம்பெல்லாம் பொடியாகி ஊமையாகிவிட்டிருந்தன.

மாப்பிள்ளை கதிரின் அப்பா ஒரு பாட்டைப் போட்டார். தபேலா வந்தது, வயலின் வந்தது, குரல் மட்டும் வரவில்லை. பாடகர் டீ குடிக்கப் போன நேரத்தில் நடக்கும் கச்சேரி போல இருந்தது. அவரோ கண்ணை மூடி, வராத குரலுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் கவனித்தேன். ஜன்னலோரம் நின்றிருந்த கதிர், அந்தக் குரல் வரவேண்டிய இடங்களில் எல்லாம் அப்பாவுக்குக் கேட்கிற அளவுக்கு மெதுவாக முனகிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், தூரத்தில், துறைமுகத்துக் கிரேன் ஒன்று தூக்கத்தில் புரண்டு படுப்பது போல மெல்லத் திரும்பியது. மதிய வெயில் கூடத்துத் தரையில் கலங்கிக் கிடந்தது.

பையன் சுமாராகத்தான் பாடினான். ஆனாலும் எனக்கு அவனை அந்த இடத்திலேயே பிடித்துப்போயிற்று. கொடுத்த காப்பி கையிலேயே ஆறியது. (அந்த வயதில் நான் பாதி நேரம் கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பேன். மீதிப் பாதி கண்ணை மூடிக்கொண்டு.)

திரும்பி வரும்போதுதான் அம்மா குண்டைப் போட்டாள். வண்ணாரப்பேட்டையிலிருந்து இன்னொரு பெண்ணின் ஜாதகமும் அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறதாம். அந்தப் பெண் நன்றாகப் பாடுவாளாம். கதிரின் அப்பா வாசல்வரை வந்து சொன்னது இப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஒரு பெட்டிய எட்துகினு போ மா. அது பாட்னதும் ரெண்டு வூட்டுப் பெரியவங்களும் குந்தி பேசி முடிச்சிக்கலாம்."

பெட்டி பாடினால் கதிர் எனக்கு. பாடாவிட்டால் வண்ணாரப்பேட்டைக்கு. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. எனக்கு அப்படித்தான் கேட்டது.

எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் அலைந்து ஒரு புது நடு ஸ்பீக்கர் வாங்கினேன். கூடவே எடுத்துவந்த பெட்டியில் பழையதைக் கழற்றிப் பார்த்தால், புதியதைவிடத் துளை கொஞ்சம் சிறியது. மரத்தை ராவ ஆள் வேண்டும். வந்தவர் என் தாய்மாமன் தில்லி மாமா. காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைப்பவர். ஓட்டை என்ற ஒன்றை உலகத்தில் எங்கே கண்டாலும் அவருக்குக் கை அரிக்கும்.

மாமா துளையை ராவிக் கொடுத்தார். நான் ஸ்பீக்கரை உட்கார வைத்து, வயரைப் பற்றவைத்து, எங்கள் ஆம்ப்ளிஃபயரை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் இணைத்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எண்ணூர்ப் பக்கம் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. பொத்தானை அழுத்தினேன்.

குரல் வந்தது. யாரோ பக்கத்து மாடியிலிருந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்து, என் எதிரே உட்கார்ந்து பாடுவது போல அவ்வளவு பக்கத்தில் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு பாட்டு முடிவதற்குள் கதிரோடு கல்யாணம் முடித்து, ராயபுரத்தில் குடித்தனம் வைத்து, ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டு, திரை சரியில்லை என்று ஒரு சண்டையும் போட்டு முடித்தேன். எங்கோ ஒரு கப்பல் ஊதியது. அதையும் மேளச் சத்தமாகவே எடுத்துக்கொண்டேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் கதை சுபம். ஆனால் பாட்டு முடிந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. உப்புக் காற்று பழையதைத் தின்றது போல இதையும் தின்றுவிட்டால்?

"மாமா, இதுக்கு எதுனா பாதுகாப்பு பண்ண முடியுமா?" என்று கேட்டேன்.

படகுக்கு ஓட்டை அடைப்பவரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. மறுநாள் காலை மாமா படகுக்குப் பூசும் ரெசின் பசை டப்பா, கண்ணாடி நார்ப் பாய், பிரஷ் சகிதம் வந்து இறங்கினார். பெட்டியை மல்லாக்கப் படுக்கவைத்து, ஸ்பீக்கரைச் சுற்றியிருந்த சந்துகளை அடைத்தார். மூட்டுகளை அடைத்தார். பிறகு கீழே இருந்த வட்டத் துளையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா பாப்பா இது? மாம்பழம் சைசுக்கு ஓட்டை! வெள்ளக்காரன் கண்டுக்காம வுட்டுட்டானா?"

நான் குனிந்து பார்த்தேன். அச்சாக வட்டம். உள்ளே வழவழவென்று ஒரு குழாய் வேறு. நான்கு வருடம் படித்த படிப்பையெல்லாம் ஒன்றுதிரட்டி, "எலி கடிச்சிருக்கும் மாமா" என்றேன். (காம்பஸ் வைத்துக் கடிக்கிற வெளிநாட்டு எலி.)

மாமா துளையை மூன்று அடுக்கு போட்டு அடைத்தார். அத்தோடு விட்டேனா? நடு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைக் காட்டி, "இதும் பேப்பர்தானே மாமா, ஊறிடாதா?" என்றேன். அதற்கும் விளிம்பு வரைக்கும் இழுத்து ஒரு கோட்டிங் விழுந்தது. இந்த யோசனை முழுக்க முழுக்க என்னுடையது, மாமா மேல் பழி போட மாட்டேன்.

ரெசின் காயும்வரை தொடக்கூடாது என்பதால் மறுபடி போட்டுப் பார்க்கவில்லை. காய்ந்த பெட்டி புதுப் படகு போலப் பளபளத்தது. மாமா பழக்க தோஷத்தில் அதற்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, மீன் லோடு ஏற்றும் ஆட்டோவில் ஏற்றினார். நான் மறுபடியும் மல்லிகையும் பட்டுமாகப் பின்னால் ஷேர் ஆட்டோவில் போனேன்.

ராயபுரத்தில் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு தயாராக இருந்தது. கதிர் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் அப்பா பெட்டியை இணைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார்.

பாட்டு ஆரம்பித்தது. அடுத்திருந்த பழைய பெட்டியிலிருந்து தபேலா வந்தது. என் பெட்டியிலிருந்து தலையணைக்கு அடியில் யாரோ பல்வலியில் முனகுவது போல ஒரு சத்தம் வந்தது. ரெசினில் இறுகிப்போன கூம்பிலிருந்து குரலும் இல்லை, இருந்த டிரம்மும் போய்விட்டது.

அவர் கண்ணைத் திறந்தார். எழுந்து வந்து, பழக்கத்தில் அந்தத் துளை இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். தடவினார். பிறகு விரலால் தட்டினார். டொக் டொக்.

"இங்க ஒரு ஓட்டை இருந்திச்சே மா. டிரம்மு அடிக்க சொல்ல புஸ்ஸு புஸ்ஸுனு காத்து வரும். அதான பெட்டி மூச்சு வுடுற எடம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் தில்லி மாமா பெருமையோடு முந்திக்கொண்டார். "அத்த அட்ச்சிட்டேன் சம்மந்தி! இனிமே ஒரு சொட்டு தண்ணி பூராது!"

"பாட்டு கேக்குற பெட்டிக்குள்ள இன்னாத்துக்கு நைனா தண்ணி பூரப்போவுது?"

கூடத்தில் யாரும் மூச்சுவிடவில்லை. பெட்டி உட்பட. அம்மா வெற்றிலைத் தட்டைப் பார்த்தாள். எனக்கு வண்ணாரப்பேட்டைப் பெண் பச்சைத் திரைக்குப் பின்னால் நின்று பாடுவது போலத் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது.

"வந்துச்சு மாமா, எங்க மாடில நெஜமா குரல் வந்துச்சு. அவ்ளோ நல்லா இருந்துச்சு. அது கெட்டுடக்கூடாதுன்னு பயந்துதான் எல்லாத்தையும் அடைச்சிட்டேன்" என்று கதிரின் அப்பாவிடம் விசும்பினேன்.

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு. நாற்காலியில் விழுந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கடைசியில் என் அம்மாவைப் பார்த்து, "இவ்ளோ பொத்திப் பொத்தி வெச்சிக்கிற பொண்ண வேற வூட்டுக்கு வுட்டா நமக்குத்தான் நஷ்டம். கெடுத்தவளே இங்க வந்து சரி பண்ணட்டும். தட்ட மாத்துங்க மா" என்றார். கதிர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோளும் குலுங்கியது.

அந்தப் பெட்டியை நான் இன்றுவரை சரி செய்யவில்லை. தில்லி மாமா அடைத்ததை யாராலும் திறக்க முடியவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில் ராயபுரத்து வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. நாங்கள் மாடி வீட்டில் ஒதுங்கியிருந்துவிட்டுக் காலையில் இறங்கி வந்தோம். நான் கை வைக்காத பெட்டி ஊறி, உப்பி, மூட்டு விட்டுக் கிடந்தது. நான் கெடுத்த பெட்டி மல்லாந்தபடி மெல்லச் சுழன்று சுழன்று, கூடத்திலிருந்து சமையல்கட்டுக்கு மிதந்து போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் எங்கள் தெருப் பூனை நனையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் நிற வெளிச்சத்தில் நாங்கள் படியிலேயே நின்று, அது கதவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மாமனார் போனை எடுத்து, சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் சொன்னார்.

இப்போதெல்லாம் எண்ணூரில் புயல் கூண்டு ஏற்றியதாக டிவியில் சொன்னால் போதும், எங்கள் வீட்டுப் போன் அடிக்கும். முதல் ஆள் தில்லி மாமாதான்.

"பாப்பா, பெட்டில எத்தினி சீட்டு காலி கீது? உங்க அத்தைக்கு ஒண்ணு போட்டு வெய்யி."

அதற்குள் மாமனார் நாற்காலியிலிருந்தபடியே குரல் கொடுப்பார். "ஜன்னலோர சீட்டு எனுக்கு. அத்த மட்டும் எவனுக்கும் தராத மா!"