பாஸ் சொல்லும் கூட்டாளி

அழகியமணவாளனைக் கண்ணபிரான் கடைசியாக உயிரோடு பார்த்தது 1996 ஆடி மாதம், ராஜபாளையம் கிளப்பின் சீட்டு மேஜையில். எதிரே உட்கார்ந்திருந்தார். பதின்மூன்று சீட்டையும் விசிறிபோல் பிரித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாஸ்" என்றார். மறுநாள் விடியுமுன் போய்விட்டார். பிரிட்ஜ் ஆட்டத்தில் பத்தொன்பது வருஷக் கூட்டாளி, சொல்லாமல் கொள்ளாமல் கையை விரித்துவிட்டார்.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. பதின்மூன்று சுற்றில் எத்தனை பிடி எடுப்போம், எது துருப்பு என்று முதலில் ஏலம் கேட்க வேண்டும். அதற்குப் பெயரே கேள்வி. கேட்க ஒன்றுமில்லை என்றால் "பாஸ்". கூட்டாளியோடு வேறு பேச்சு கூடாது. அதனால் சில கேள்விகள் சங்கேதம். "நாலு நோ டிரம்ப்" என்றால் "உன் கையில் எத்தனை ஏஸ்?" என்று அர்த்தம்.

வீட்டில் கண்ணபிரானின் மனைவி கோதைநாயகிக்கும் பிரிட்ஜ் தெரியும். கல்யாணமான புதிதில் அவரே சொல்லிக்கொடுத்த வினை. பக்கத்து வீட்டுக் கிருபாபாய் டீச்சரும் அவர் வீட்டுக்காரரும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாலு பேர் ஆகிவிடும். ஆட்டம் ஞாயிறோடு முடியும். கண்ணபிரான் செய்த தப்புகளைக் கோதைநாயகி வியாழன் வரை சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஆகவே வாயில்லாத கூட்டாளி ஒன்று வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அவர் வேலை பார்த்த மில்லில் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கழித்துக் கட்டினார்கள். வாங்கி வந்தார். பிரிட்ஜ் ஆடும் புரோகிராமை பிளாப்பியில் போட்டுக் கொடுத்தான் அங்கே மிஷின் பார்க்கும் பொன்னுராஜ். மற்ற மூன்று கையையும் அதுவே ஆடும். திட்டாது. கண்ணபிரானுக்கு அதுவே போதும்.

கோதைநாயகிக்குப் போதவில்லை.

"ஏங்க, நீங்க ரிட்டயராகி ரெண்டு வருசமாச்சு. எங்கப்பா வீடு ஸ்ரீவில்லிபுத்தூர்ல, மடவார் வளாகத்துல பூட்டிக் கெடக்கு. எப்பப் போறோம்?"

"பாப்போம்."

"அந்தப் பாப்போமுக்கு இப்ப ரெண்டு வயசு. அடுத்த வருசம் பள்ளிக்கூடத்துல சேத்துரலாம்."

"அங்க கிளப் ஏது கோதை?"

"இங்க மட்டும் உங்களுக்குக் கூட்டாளி ஏது?"

"இந்தா இருக்கே!" கம்ப்யூட்டரின் தலையில் தட்டினார். "அதோட புஸ்தகத்தை மூணு தடவை படிச்சிட்டேன். இதும் நானும் சேந்தா யாரும் ஜெயிக்க முடியாது."

"அம்புட்டு நம்பிக்கையா?"

அந்த 'அம்புட்டு'தான் அவரைக் கிளப்பியது. ஒரேயடியாக முடித்துவிடுவோம் என்று நினைத்தார். ஆட்டத்தின் நம்பரை அடித்தால் அதே சீட்டு மறுபடி வரும். அவரும் மிஷினும் எட்டு ஆட்டம். அதே எட்டைக் கோதைநாயகியும் மிஷினும்.

"நான் ஜெயிச்சா மடவார் வளாகம்கிற பேச்சையே எடுக்கக் கூடாது."

"நான் ஜெயிச்சா?"

"தை பொறந்ததும் போயிருவோம்."

"எனக்கு அதை ஆன் பண்ணக்கூடத் தெரியாதுங்க" என்றாள் கோதைநாயகி, பாவமாக. கண்ணபிரானுக்கே மனசு இளகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கிருபாபாய் டீச்சர் பாயிண்ட் எழுத வந்தார். கோதைநாயகி அடுக்களைக்குப் போய்விட்டாள். மூன்றாவது ஆட்டத்தில் எதிராளி 'ஒரு ஆட்டின்', அதாவது ஹார்ட்ஸ், என்றான். கண்ணபிரான் 'டபுள்' அடித்தார். 'எனக்கு ஆட்டின் இல்லை, மற்றதில் உனக்குப் பிடித்ததைச் சொல்' என்று அதற்குப் பொருள். மிஷின் அதை வெறும் சவாலாக எடுத்துக்கொண்டு பாஸ் சொன்னது. எதிராளி இரட்டிப்புப் பாயிண்டோடு போனான்.

ஆறாவது ஆட்டத்தில் கையில் இஸ்பேடு குவிந்து கிடந்தது. பன்னிரண்டு பிடி வரலாம். மிஷினிடம் ஒரு ஏஸ் இருந்தால் போதும். ஆசை ஆசையாக 'நாலு நோ டிரம்ப்' கேட்டார்.

மிஷின் பாஸ் சொன்னது.

"என்ன அண்ணாச்சி, எத்தனை ஏஸ்னு கேட்டீக, அது போதும்ங்குது?" என்றார் டீச்சர்.

"புத்திகெட்ட மிஷின்!" ஏலம் அதோடு முடிந்து, துருப்பே இல்லாமல் ஆடித் தோற்றார் கண்ணபிரான்.

எட்டாவது ஆட்டத்திலும் அதே கேள்வி, அதே பாஸ். அவர் எழுந்தபோது சட்டை நனைந்திருந்தது.

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கோதைநாயகி உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே நம்பரை அடித்தாள். ஆட்டின் வந்தபோது அவள் டபுளுக்கே போகவில்லை. தன் டைமனைத் தானே சொன்னாள். ஆறாவது ஆட்டத்தில் இஸ்பேடு குவியலைப் பார்த்தாள். ஏஸைப் பற்றி விசாரிக்கவில்லை. நேரே 'ஆறு இஸ்பேடு', அதாவது பன்னிரண்டு பிடி, என்று அடித்தாள். மிஷின் பாஸ் சொன்னது. பன்னிரண்டு பிடியும் வந்தது.

டீச்சர் தாளைக் காட்டினார். கூட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"ஆன் பண்ணத் தெரியாதுன்னியே ஏட்டி!"

"தெரியாதுதான். நீங்க ஆஃப் பண்ணாமத்தான தூங்குதீக. ஒண்ணரை மாசமா மத்தியானமெல்லாம் நானும் டீச்சரும்தான் ஆடுதோம்."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"புஸ்தகத்துல அப்படியா போட்டிருக்கு? நாலு நோ டிரம்புக்குப் பதில் சொல்லணும்னு..."

"புஸ்தகத்தை நீங்க படிச்சீக. அது படிக்கலியே."

"நீ ஏன் ஒரு தடவைகூட அதைக் கேக்கல?"

கோதைநாயகி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இல்லை. அலுப்புதான் இருந்தது.

"முப்பத்தொரு வருசமா இப்படி ஒரு கூட்டாளியோடதான குடும்பம் நடத்துதேன். கேட்டா பதில் வராது. முடிவைச் சொல்லிட்டா மறுப்பும் வராது."

தை மூன்றாம் தேதி சாமான்கள் லாரியில் ஏறின.

கோதைநாயகி கண்ணை மூடிப் பதினொரு வருஷமாகிறது. ராஜபாளையம் வீட்டை வாங்கியவர்கள் அதை இடித்து மாடி கட்டிவிட்டார்கள். கண்ணபிரான் மடவார் வளாகத்தில்தான் இருக்கிறார்.