ஹார்ன் அடிக்காத வியாழக்கிழமை

மில்லர்ட் கிரீக்,
ஆகஸ்ட், ஞாயிறு மாலை

அன்புத் தங்கை லொரேனுக்கு,

அண்ணன் ஹார்லன் எழுதுவது. இங்கே சோளம் நலம், வீட்டுக் கூரை நலம், என் முழங்கால் வழக்கம்போல. அங்கே பீனிக்ஸில் நீயும் மாப்பிள்ளை கஸ்ஸும் பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன். மற்றபடி இங்கே ஒன்றும் சரியில்லை. உன் அண்ணி வெர்னா பாட்டை நிறுத்திவிட்டாள். வீட்டை விற்றுவிட்டு உங்கள் ஊருக்கே வந்துவிடலாம் என்கிறாள். எங்களுக்குச் சின்னதாக ஒரு வீடு பார்த்து வை.

எல்லாம் அந்தச் சிகாகோ இசைக்குழுவால் வந்த வினை. பூங்காக் கச்சேரிக் கமிட்டிக்குத் தலைவனாக இருந்து தொலைத்தேனே, பல் டாக்டர் ஊராரின் பல்லைப் பிடுங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா? கெஞ்சிக் கூத்தாடி அவர்களை வரவழைத்தேன். வயலின்கள் வரிசை வரிசையாக, ஆள் உயரத்துக்கு ஒரு யாழ், நாம் ஆடிப் பாடிய பழைய நடனப் பாட்டுகளையும் நாடகப் பாட்டுகளையும் வெண்ணெய் தடவினமாதிரி வாசிக்கிறவர்கள். வந்த இடத்தில் அவர்களுடைய பாடகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "எங்க வெர்னா பாடுவா" என்று வாய் கொடுத்தேன். கையில் குச்சியோடு குழுவை நடத்தும் எவரெட் தோர்ன் அவளைப் பாடச் சொல்லிக் கேட்டார், புருவத்தைத் தூக்கினார், சரி என்றார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: "உங்க ஊர் வழக்கத்தைக் கேள்விப்பட்டேன் டாக்டர். ஒரு ஹார்ன் சத்தம் கேட்டாலும் குச்சியைக் கீழ வச்சிட்டுப் போயிடுவேன்."

உனக்குத் தெரியாததா? மேடையைச் சுற்றிக் காரை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடியே கேட்டு, பாட்டு முடிந்ததும் கைதட்டாமல் ஹார்ன் அடிப்பது அப்பா காலத்துப் பழக்கம். நீயே அவர் மடியில் உட்கார்ந்து அடித்தவள்தான். நான் கார் காராகப் போய், கையெடுத்துக் கும்பிடாத குறையாக, யாரும் ஹார்னைத் தொடக்கூடாது என்றேன். பன்றிப் பண்ணை கிளெம் ஹ்ருஸ்கா மட்டும் தன் டிரக்கிலிருந்து தலையை நீட்டி, "கையைத் தட்டினா யாருக்கு டாக்டரே கேக்கும்?" என்றான். "நாகரிகமா இருக்கக் கத்துக்கய்யா" என்று அடக்கிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை கச்சேரியில் வெர்னா மேடையேறும்போது மழை பிடித்துக்கொண்டது. மேடைக்குக் கூரை உண்டு, ஆகவே கச்சேரி நிற்கவில்லை. ஊரார்தான் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். அவள் பாடியது, தாமதமாக வரும் ரயிலுக்குக் காத்திருக்கும் பெண்ணின் பாட்டு. லொரேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் முடித்தாள். ஒரு சத்தம் இல்லை. மூடின கார்களுக்குள் எல்லாரும் கை வலிக்கத் தட்டினார்களாம், அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் கண்ட காட்சி, எல்லாக் கார் வைப்பர்களும் சேர்ந்து 'இல்லை, இல்லை' என்று தலையாட்டியதுதான்.

"ஒருத்தருக்குக்கூடப் பிடிக்கலையே, ஹார்லன்" என்றாள். "தட்டினாங்கடி, கண்ணாடிக்குள்ள தட்டினாங்க!" என்றேன். "பொய் சொல்ல வேண்டாம்" என்று கையுறையைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள். மறுநாள் கடையில் கிளெம் தொப்பியைக் கழற்றி, "மோசமில்லைங்கம்மா" என்றிருக்கிறான். இந்த ஊரில் அதற்கு மேல் புகழ்ச்சியே கிடையாது. இவளோ வீடு வந்து சேரும்வரை அழுதாள்.

அன்றிலிருந்து ரேடியோவில் வயலின் கேட்டாலே அணைத்துவிடுகிறாள். கல்யாணமான நாள் முதல் தட்டு கழுவும் சத்தத்தோடு பாட்டும் கேட்டவன் நான். இப்போது தட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. எனக்குத் தாங்கவில்லை. நேற்று வீட்டுத் தரகரிடம் சொல்லிவிட்டேன். இந்த ஊரும் வேண்டாம், இவர்கள் ஹார்னும் வேண்டாம்.

உங்கள் வீட்டில் எல்லாரும் பல்வலி அறியாமல் நீடூழி வாழ்க.

உன் அண்ணன்,
ஹார்லன்

பி.கு: வீடு பார்க்காதே! உறையை ஒட்டப் போகும்போது வாசலில் கிளெமின் டிரக் வந்து நின்றது. தரகரிடம் சொன்னால் ஊரிடம் சொன்ன மாதிரிதானே. "டாக்டரே, அந்தக் குச்சிக்காரர் ஊருக்குப் போயிட்டாரா?" என்றான். போய்விட்டார் என்றேன். "அப்ப வியாழக்கிழமை பாக்கி ஒண்ணு இருக்கு" என்று சொல்லி ஹார்னில் கையை வைத்தான். அவன் பின்னால் தெருக்கோடி வரைக்கும் கார்கள், அத்தனையும் சேர்ந்து அடித்தன. வெர்னா சோப்பு நுரைக் கையோடு வெளியே ஓடிவந்தாள். முதலில் அழுதாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம், "போதும், காது போச்சு!" என்று கத்திவிட்டு உள்ளே போனாள். நானும் விடுவேனா? நம் பழைய காரில் ஏறி ஓங்கி அழுத்தினேன். சனியன் சிக்கிக்கொண்டது. எல்லாரும் நிறுத்திய பிறகும் என்னுடையது மட்டும் அலறியது. கிளெம் வந்து பேட்டரிக் கம்பியைப் பிடுங்கிய பிறகுதான் ஓய்ந்தது. அப்போது கேட்டது, லொரேன், அடுக்களையில் தட்டுச் சத்தமும், அதோடு அந்த ரயில் பாட்டும். தெருவே ஹார்னிலிருந்து கையை எடுத்துவிட்டு நின்று கேட்டது.