உப்பளத்தாரின் ஐஸ்

மொன்றியலில் ஐஸில் சறுக்குகிறவர்கள் உண்டு, சறுக்கி விழுகிறவர்கள் உண்டு, விழுந்த இடத்திலேயே இருந்து அதைத் திட்டுகிறவர்களும் உண்டு. ஐஸைக் கோயில் மூலஸ்தானமாக மதித்தவர் அந்த நகரத்தில் ஒரே ஒருவர்தான். அவரும் ஐஸே உறையாத ஊரிலிருந்து வந்தவர். ஆனையிறவு உப்பளத்தில் பதினெட்டு வருடம் ஓவசியராக இருந்துவிட்டு, ஊரில் இருக்க முடியாமற் போனதும் கனடாவுக்கு ஓடி வந்தவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளத் துண்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. உப்பளத்தார் என்றால் சென்ட் லோரன்டிலிருந்து சென்ட் மிஷேல் வரைக்கும் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் இருவருக்கும் சென்ட் லோரன்டில் ஒரு கல்லூரியின் ஐஸ் அரீனாவில் வேலை. நான் கன்டீனில் உருளைக்கிழங்கு பிரைஸ் பொரித்து, ஹொட் சொக்லேட் ஊற்றிக் கொடுப்பவள். அவர் ஐஸைப் பார்ப்பவர். என்னுடைய அகதி வழக்கு அப்போது முடியவில்லை. அவருடையது முடிந்துவிட்டது. ஆனால் மனைவியும் இரண்டு மகள்மாரும் சென்னையில் ஒரு வாடகை அறையில் காத்திருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கு நிரந்தர வேலைக் கடிதம் வேண்டும். நாங்கள் முசியே என்று அழைத்த அரீனா மனேஜர், ஹொக்கிப் பருவம் முடிந்ததும் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு தாளுக்காகத்தான் அந்த மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

கடிதம் வேண்டிய மனிதர் அடக்கமாக இருக்க வேண்டுமல்லவா? முதல் நாளே சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மூன்று சோடி கம்பளிக் காலுறையோடு ஐஸில் இறங்கினார். முசியே வாயைப் பிளந்துகொண்டு நின்றார். எனக்குக் கொஞ்சம் பிரெஞ்சு வரும் என்பதால் விளக்கம் கேட்க என்னை அனுப்பினார்கள்.

"அண்ணை, சப்பாத்தைப் போடட்டாம். கால் விறைச்சுப் போகுமாம்."

"பிள்ளை, பாத்திக்குள்ளை ஆரும் செருப்போடை இறங்குவினமோ?"

"இது பாத்தி இல்லை அண்ணை. ஐஸ்."

"வரம்பு கட்டி, தண்ணி விட்டு, விளைய வைக்கிறதுதானே? பேந்து என்ன வித்தியாசம்?"

முசியேயிடம் போய், உப்பளத்தாருடைய மதத்தில் அப்படித்தான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவரை ஒருவரும் அசைக்க முடியாது. மற்றவர்கள் ஐஸை மழிக்கிற மெஷினை இரண்டு சுற்று ஓட்டி, தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போவார்கள். இவர் குழாயை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக நடப்பார். கடதாசித் தடிப்புக்கு ஒரு படை தண்ணீர். அது இறுகும்வரை குந்தியிருந்து பார்ப்பார். பிறகு இன்னொரு படை. "உப்பும் உப்பிடித்தான். அவசரப்பட்டு ஆழமாய் விட்டால் ஒண்டும் தேறாது" என்பார். அவர் போட்ட ஐஸில் தட்டினால் கண்ணாடியில் தட்டுவதுபோலக் கேட்கும்.

வாழ்நாள் முழுக்க உப்பு விளைவித்தவர் மொன்றியலுக்கு வந்து உப்புக்கு எதிரியாகிப் போனதுதான் வேடிக்கை. மாரியில் றோட்டில் கொட்டுகிற உப்பு சப்பாத்தில் ஒட்டி உள்ளே வரும். உப்புப் பட்ட ஐஸ் அம்மைத் தழும்பாகக் குழிவிழும். ஆகவே உப்பளத்தார் வாசலில் தும்புக்கட்டையும் வாளியுமாக நிற்பார். வருகிறவர்கள் காலைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒருநாள் கல்லூரி அதிபரே வந்தார். லாடம் அடிக்கிறவன் மாட்டின் காலைப் பிடிப்பதுபோல அவருடைய காலையும் பிடித்து, இரண்டு அடியையும் துடைத்து, "மெர்சி" சொல்லி உள்ளே விட்டார். என் கன்டீனிலிருந்த உப்புப் போத்தலைச் சணல் கயிற்றால் மேசைக் காலோடு கட்டிவைத்தார். பிரைஸுக்கு உப்பு வேண்டியவர்கள் குனிந்து கும்பிட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த அரீனாவில் நல்ல நேரமெல்லாம் ஆண்கள் அணிக்கு. பெண்கள் அணிக்குக் காலை ஆறு மணி. அதுவும் முதல் நாள் ஆண்கள் கீறிக் கிழித்துப் போட்டிருந்த ஐஸ். பெண்கள் அதில் விழுந்தெழும்பிப் பயிற்சி செய்வார்கள். ஒரு வருடமும் உருப்படியாக வென்றதில்லை. உப்பளத்தார் ஒரு வாரம் பொறுமையாகப் பார்த்தார்.

"ஆம்பிளையள் கிழிச்ச ஐஸிலை பொம்பிளைப்பிள்ளையள் விளையாடுறதோ? எச்சில் இலையிலை சோறு போடுற மாதிரியெல்லோ இருக்கு."

அடுத்த நாளிலிருந்து யாரும் சொல்லாமலே முதல் பஸ்ஸில் வந்து, அவர்களுக்கென்று புதிதாக ஐஸ் போடத் தொடங்கினார். மேலதிகச் சம்பளம் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. நல்ல ஐஸ் கிடைத்ததும் அந்தப் பெண்கள் பறந்தார்கள். தலைவி ஜொசே, குச்சி மாதிரி இருப்பாள், மின்னலாக ஓடுவாள். கோல் காக்கும் கோலி மனோன், நல்ல வாட்டசாட்டம். அவளைத் தாண்டி அந்தக் கறுப்பு றப்பர் வட்டு உள்ளே போவது கடினம். மார்கழி முழுக்க வென்றார்கள், தை முழுக்க வென்றார்கள். கன்டீனில் எனக்குக் கை ஓயவில்லை.

உப்பளத்தாருக்கு ஆட்டம் கடைசிவரை விளங்கவேயில்லை. யாராவது கோல் போட்டால் அரீனாவே எழும்பிக் கத்தும். அவர் மட்டும் "ஐயோ, அந்த மூலையைக் கிழிச்சுப்போட்டாளே" என்று தலையில் கை வைப்பார். ஆனால் பெண்களின் பெயர், யாருக்கு எந்தக் கால் நோகிறது, யார் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மூத்த மகளுக்கு மனோனின் வயதுதான் என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இறுதிப் போட்டி பங்குனியில், ஒரு ஞாயிறு பின்னேரம், எங்கள் அரீனாவிலேயே. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பு பத்திரிகையில் மனோனின் படம் வந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒன்று மாறி ஒன்று. கணுக்கால் சுளுக்கு, பிறகு வயிற்றுக் குழப்பம், பிறகு பயிற்சியில் சின்னப்பிள்ளைகூடத் தடுக்கக்கூடிய வட்டெல்லாம் உள்ளே போயிற்று. போட்டியன்று உடை மாற்றும் அறை வாசலில் அவள் அழுதுகொண்டு இருந்தாள். உப்பளத்தார் என்னிடம் வந்தார்.

"பிள்ளை, பேப்பரிலை படம் போட்டால் ஊர்க்கண் முழுக்கப் பட்டிடும். நாவூறு கழிக்கோணும். ஒரு பிடி உப்புத் தா."

நான் அதிர்ந்துபோனேன். "அண்ணை, நீங்களோ உப்புக் கேக்கிறியள்?"

"வாசலுக்கு இங்காலை. ஐஸுக்குக் கிட்டவும் கொண்டு போகமாட்டன். மிளகாய் இருக்கோ?"

எனக்கென்று கொண்டு வந்த சாப்பாட்டுப் பையில் செத்தல் மிளகாய் எப்போதும் இருக்கும். ஒரு பிடி உப்பும் ஐந்து செத்தலும் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண்கள் சிரிப்பார்கள் என்று பயந்தேன். ஹொக்கி விளையாடுகிறவர்களுக்கு எங்களைவிட நம்பிக்கைகள் அதிகம் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒருத்தி வெல்லத் தொடங்கிய நாளிலிருந்து காலுறையைக் கழுவவில்லை. இன்னொருத்தி இடக் காலைக் கட்டாமல் வலக் காலைக் கட்டமாட்டாள். மனோன் பயபக்தியோடு எழுந்து நின்றாள். அவர் மூன்று தரம் தலையைச் சுற்றி, கையை அவள் வாயருகே நீட்டினார். மூன்று தரம் துப்பச் சொல்லி நான் மொழிபெயர்த்தேன். ஹொக்கிக்காரிக்குத் துப்பச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்?

சுற்றியதை நெருப்பில் போட வேண்டும். கன்டீன் அடுப்பில் போட்டால் மிளகாய்ப் புகைக்கு அலாம் அடிக்கும், ஆட்டமே நின்றுபோகும். ஆட்டம் முடிந்ததும் வெளியே கொண்டுபோய் எரிப்பதென்று முடிவாயிற்று. நான் ஒரு கடதாசித் துவாயில் அதைச் சுற்றிக் கொடுத்தேன். அவர் மேற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது இடைவேளை. கோல் கணக்கு இரண்டுக்கு இரண்டு. உப்பளத்தார் காலுறையோடு இறங்கி, கோல் வாசலில் குனிந்து கீறல்களுக்கு ஐஸ்தூள் அடைத்துவிட்டு வந்தார். ஒவ்வொரு இடைவேளைக்கும் அணிகள் பக்கம் மாறும். கடைசிப் பகுதிக்கு அந்த வாசலில் நிற்க வேண்டியவள் எதிரணிக் கோலி. அவள் வந்து நின்றதும் அலறினாள். அவளுடைய காலடியில் அவிழ்ந்துபோன ஒரு கடதாசித் துவாய், அதிலிருந்து கொட்டிய வெள்ளைக் குவியல், நடுவே ஐந்து சிவப்பு மிளகாய், கீழே ஐஸ் புள்ளி புள்ளியாகக் கரைந்துகொண்டிருந்தது.

நடுவர் ஒரு மிளகாயை எடுத்தார், முகர்ந்தார், நசுக்கிப் பார்த்தார். பிறகு அதே விரலால் கண்ணைத் தேய்த்தார். அந்தப் பாவப்பட்ட மனிதரை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று சிரிக்கவில்லை. எதிரணிப் பயிற்சியாளர் கத்திக்கொண்டிருந்தார். தங்கள் கோலியை விழுத்த வேண்டுமென்றே உப்புப் போட்டிருக்கிறார்களாம். கண்ணில் நீர் வழிய நடுவர் சொன்னது கன்டீன்வரை கேட்டது: உள்ளூர் அணி செய்த வேலை என்றால் வெற்றி எதிரணிக்கு. ஜொசே தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி முகம் வெளிறிப்போய் நின்றாள். மேலே இருக்கையில் முசியே எழுந்து நின்றார். உப்பளத்தாரின் கடிதம் தட்டச்சாகி அவருடைய மேசையில் இருந்தது. திங்கள் காலை கையெழுத்து.

அது யாருடைய பொட்டலம் என்று, பெண்கள் அணியைத் தவிர, அரீனாவில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். உப்பளத்தார் மேற்சட்டைப் பையைத் தடவினார், அது வெறுமையாக இருந்தது. பிறகு ஐஸில் இறங்கினார். அத்தனை பேர் பார்க்கக் காலுறையோடு நடுவரை நோக்கி மெல்ல நடந்தார். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நாலு சொல்லைக் கூட்டி, நெஞ்சில் தட்டிச் சொன்னார்.

"சேல், முவா. ஃபீய், நோ."

உப்பு நான். பெண்பிள்ளைகள் இல்லை.

திருத்துவதற்கு நடுவர் இருபது நிமிடம் கொடுத்தார். உப்பளத்தார் முழந்தாளிட்டு, உப்புப் பட்ட இடத்தை உளியால் கொத்தி, ஒரு துணுக்கு விடாமல் வாளியில் அள்ளினார். குழியில் தூள் அடைத்தார். ஒரு படை தண்ணீர். காத்திருந்தார். இன்னொரு படை. எதிரணிக் கோலி பக்கத்திலேயே நின்று பார்த்தாள். முடிந்ததும் தடியால் அந்த இடத்தை இரண்டு தரம் தட்டி, நடுவரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

ஜொசே அந்தக் கோல் வாசலில்தான் கடைசிக் கோலைப் போட்டாள். மனோன் மற்றப் பக்கத்தில் ஒன்றையும் விடவில்லை. பெண்கள் கிண்ணத்தைத் தூக்கினார்கள். எதிரணிக் கோலியும் ஐஸைக் குறை சொல்லவில்லை. உப்பளத்தார் அரீனா வாசலில் நின்று வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை முசியே அவரைக் கூப்பிட்டார். மொழிபெயர்க்க என்னையும் கூப்பிட்டார். முசியே கெட்டவர் இல்லை. உப்பு விஷயத்தில் வாசலில் சட்டம் வைத்ததே உப்பளத்தார்தானே, எப்படி இது நடந்தது என்று உண்மையாகவே விளங்காமல் கேட்டார். பிறகு கேட்டார், "உப்பை உனக்குக் கொடுத்தது யார்?"

அந்தக் கேள்வியை நான் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னேன்.

உப்பளத்தார் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கடையிலை வாங்கினனான் எண்டு சொல்லு பிள்ளை."

நான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன். இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன். முசியே கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். அன்றோடு உப்பளத்தாருக்கு வேலை போயிற்று.

பஸ் தரிப்பில் நான் விம்மி விம்மி அழுதேன். அவர் எனக்குப் பக்கத்தில் நின்று பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு இன்னும் அகதிப் பேப்பர் வரேல்லை. ரெண்டு பேர் ஏன் போகோணும்?" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லை.

சென்ட் மிஷேலில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. புது இடத்தில் நிரந்தரமாக்கிக் கடிதம் கொடுக்க இரண்டு மாரி ஆயிற்று. அந்த இரண்டு மாரியும் மூன்று பெண்கள் சென்னையில் அந்த அறையிலேயே இருந்தார்கள். எனக்கு அதற்குள் பேப்பர் வந்துவிட்டது.

அவர்கள் வந்த அன்று விமான நிலையத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். மனைவி மெலிந்துபோயிருந்தார். மகள்மார் தகப்பனுடைய இரண்டு கையையும் விடவில்லை. அந்தக் கையோடேயே அவர் என்னைச் சுட்டி, மனைவியிடம் சொன்னார், "இவதான், இஞ்சை எனக்காகக் கதைக்கிற பிள்ளை."

அந்த அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். முசியேயின் முன்னால் கதைக்க வேண்டிய அன்றைக்கு உப்பளத்தாருக்காக எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அதனால்தான், அண்ணை, இன்றைக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.